குடத்தில் இல்லாத பெயர்கள்

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் தேர்தல் இருந்தது! குடவோலை இருந்தது! உலகம் உறங்கிக் கிடந்த நாளில் உத்திரமேரூரிலே மக்களாட்சி மலர்ந்து மணம் வீசிற்று!"

கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட முழக்கம் இது. அரசியல் நிர்ணய சபையிலே, 1948 நவம்பரில், கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய வாதம் நடந்தபோது, ஆந்திர கேசரி பிரகாசம் இந்தக் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பேசினார். 2020 டிசம்பர் 10 அன்று, தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரின் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொண்டார். இடையிலே எத்தனை மேடைகள், எத்தனை பாடப்புத்தகங்கள், எத்தனை பொன்விழா மலர்கள்! உத்திரமேரூர் என்ற ஊர் இருப்பதை அறியாதவரும் குடவோலை என்ற சொல்லை அறிவர்.

நாமும் மகிழத்தான் விரும்புகிறோம். தமிழ் மண்ணிலே தோன்றிய பெருமையைத் தமிழர் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால், தோழர்களே! மகிழுமுன் ஒரு கேள்வி கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் குடத்திலே யாருடைய பெயர் இருந்தது? அதைவிட முக்கியமாக, யாருடைய பெயர் இல்லை?

காஞ்சியிலிருந்து தெற்கே புறப்படுவோம். பாலாற்றைக் கடக்கிறோம், பெயரிலே பால் இருக்கிறது, படுகையிலே மணல்கூடக் குறைவாகத்தான் இருக்கிறது. மாகறல் அருகே செய்யாற்றைக் கடக்கிறோம். சவ்வாது மலையிலே பிறந்து வரும் ஆறு அது. சற்றுக் கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அனுமன்தண்டலம் அணைக்கட்டிலே செய்யாற்று நீர் மறிக்கப்பட்டு, கால்வாய் வழியே உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்கு வருகிறது. அந்த ஏரிக்குப் பழைய பெயர் வைரமேகத் தடாகம். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் அமைந்தது. ஆறு கொடுத்த நீர், ஏரி காத்த நீர், அந்த நீரால் விளைந்த நெல், அந்த நெல்லால் எழுந்த கோயில்கள், அந்தக் கோயில் சுவரிலே கல்வெட்டு! இதுதான் வரிசை. ஆனால் காண வருவோர் கடைசியில் உள்ளதை மட்டும் கண்டு திரும்புகின்றனர்.

ஊரிலே வாழ்வது வேறு, ஊரைப் பார்ப்பது வேறு. பார்க்க வருபவர் வைகுண்டப் பெருமாள் கோயில் வாயிலில் வண்டியை நிறுத்துகிறார். சபை கூடிய மண்டபத்தின் சுவரிலே விரல் வைத்து எழுத்தைத் தடவுகிறார். "ஆகா!" என்கிறார். படம் எடுத்துக்கொள்கிறார். சுந்தரவரதர் கோயிலின் அடுக்கு விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இருட்டுமுன் ஊர் திரும்புகிறார். வாழ்பவரோ, அந்தச் சுவரைத் தாண்டி ஏரிக்கரைக்கு வேலைக்குப் போகிறார்.

ஏரிக்கரைப் பக்கமிருந்து தலையிலே புல்லுக்கட்டுடன் வந்த மூதாட்டி ஒருவரை நாம் கேட்டோம்: "அம்மா, அந்தக் கல்வெட்டைப் பார்த்ததுண்டா?"

"எதுக்கு ஐயா? அதிலே எங்களைப் பத்தி ஏதாவது எழுதியிருக்குதா?" என்றார் அவர்.

எழுத்தறியாத அந்த அம்மையார் கேட்டதைப் பெரும் புலமை படைத்தோர் கேட்கவில்லையே! அவருக்கு விடை சொல்வதற்காகவே கல்வெட்டை முழுதும் படித்தாக வேண்டும்.

படிப்போம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலே, அதாவது 919இல், ஒரு சாசனம். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி மற்றொன்று. 1898இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். வெங்கையா விளக்கி எழுதினார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். செய்தி மறைபொருளன்று, அச்சிலே இருக்கிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோர் முதல் முதியோர்வரை மகாசபை கூடியிருக்கும். முதிய நம்பி ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் காணக் காட்டுவார். விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். நடுநிலையாளர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலே அதை வாங்குவார், உரக்கப் படிப்பார், அங்குள்ள நம்பிமாரும் படிப்பர். இவ்வாறு ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர்; பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் இதேபோல். பதவி 360 நாள். இறங்கியவர் மூன்றாண்டுகளுக்கு மீண்டும் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. பிறர் பொருள் கவர்ந்தவர், பொய்யோலை புனைந்தவர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர், எவர்க்கும் இடமில்லை.

நன்று! மிக நன்று! மறைக்காமல் பாராட்டுவோம். கையை விரித்து ஓலை வாங்கு என்ற கட்டளையிலே, கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கும் என்ற உலக அறிவு இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் மைத்துனனும் வரக்கூடாது என்ற விதியிலே, சுரண்டல் எந்த வழியாகச் சுற்றி வரும் என்ற அனுபவம் இருக்கிறது. எழுதியவர்கள் ஏமாளிகள் அல்லர்.

ஆனால் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்களே, அதுதான் குற்றம்! அதே கல்வெட்டு, அதே சுவர், மேலும் சில வரிகள். ஓலையிலே பெயர் ஏறுவதற்குத் தகுதி யாது?

காலே வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே கட்டிய வீடு வேண்டும். முதற் சாசனத்தின்படி வயது 30க்கு மேல் 60க்குள். திருத்திய சாசனத்தின்படி 35க்கு மேல் 70க்குள். மந்திரமும் பிராமணமும் கற்று, பிறர்க்கு ஓதுவிக்கவும் அறிந்திருக்க வேண்டும். நிலம் குறைந்து, அரைக்கால் வேலியே இருந்தாலும், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் போதும். நிலக்குறையை வேதம் நிரப்பும்! வேதக்குறையை எது நிரப்பும்? உழைப்பு நிரப்புமா? கல்லிலே அப்படி ஒரு வரி இல்லை.

மேலும் கேளீர். தாழ்ந்தோருடன் பழகியதால் விலக்கப்பட்டவன் பிராயச்சித்தம் செய்யும் வரையில் பெயரெழுதத் தக்கவன் அல்லன். உண்ணத்தகாததை உண்டவன், பிராயச்சித்தம் செய்து தூயவனாகிவிட்டாலும், ஆயுள் முழுதும் தகுதியற்றவன். பொய்யோலை எழுதுவதும் குற்றம், தாழ்த்தப்பட்டவனோடு நெருங்கிப் பழகுவதும் குற்றம்! இரண்டும் ஒரே பட்டியலில்!

இது வியப்பன்று. உத்திரமேரூர் அன்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். நான்மறை வல்லார்க்கு வழங்கப்பட்ட பிரமதேயம். அங்கே கூடிய சபை, அந்தப் பிரமதேயத்து நிலவுடைமை வேதியரின் சபை. அவர்கள் தங்களுக்குள்ளே நிலத்தையும் நீரையும் பொன்னையும் ஒழுங்காக நிர்வகிக்க ஏற்பாடு செய்துகொண்டனர். அந்த ஏற்பாடும் முற்றிலும் தாமாகச் செய்ததன்று. அரசன் ஆணை வந்தது, அரசனுடைய அலுவலர் உடனிருந்தார். முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான். இரண்டாம் முறை சோமாசிப்பெருமான். கல்லே இதைச் சொல்கிறது. கட்டுப்பாடுடைய சங்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறோம். திறமான நிர்வாகம் என்று சொல்லுங்கள், தலையசைக்கிறோம். மக்களாட்சி என்று சொன்னால், "மக்கள் யார்?" என்று கேட்போம்!

ஏரி வாரியத்திலே அறுவர் இருந்தனர். ஏரியை வெட்டியவர் அறுவரா? கரை உயர்த்த மண் சுமந்தவர் யார்? மதகு அடைத்துக்கொண்டபோது கழுத்தளவு நீரிலே இறங்கியவர் யார்? தூர் வாரப் பொன் வைத்தவர் பெயரைக் கல்லிலே பொறித்தனர். தூர் வாரியவர் பெயர் எந்தக் கல்லிலே? வேதம் ஓதுவித்தவர்க்கு ஓலை உண்டு. வயல் உழுதவர்க்கு இல்லை. ஆணுக்கு உண்டு, நாற்று நட்ட பெண்ணுக்கு இல்லை, அக்கிரகாரத்து வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கும் இல்லை. கொல்லனுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு இல்லவே இல்லை. எண்ணிப் பாருங்கள்: குடத்தை வனைந்தவன் குயவன், அந்தக் குடத்துக்குள் அவன் பெயர் போக முடியாது!

ஒரு சொல்லின் கதையையும் கேளுங்கள். 919ஆம் ஆண்டுச் சாசனம் ஊரிலே பன்னிரண்டு சேரிகளைக் கூறுகிறது. சேரி என்றால் சேர்ந்து வாழும் தெரு. வேதியர் வாழ்ந்த தெருவுக்கும் அன்று அதுவே பெயர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றபின், இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரிநீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது பறைச்சேரி என்கின்றன, தீண்டாச்சேரி என்கின்றன. பின்னர் என்ன ஆயிற்று? உயர்ந்தோர் தெருக்கள் வேறு பெயர் பூண்டன. சேரி என்ற சொல் மட்டும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது. மனிதரைத் தள்ளியவர்கள் சொல்லையும் சேர்த்துத் தள்ளினர்!

திருமுக்கூடலுக்கும் ஒரு நடை போய் வருவோம். மூன்று ஆறு கூடும் அந்த எழிலிடத்திலே வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு உண்டு. பதினைந்து நோயாளர் தங்கும் ஆதுலர்சாலை, மருத்துவர், அறுவை செய்வோர், மருந்துகளின் பெயர்கள் என்று எல்லாம் விவரமாக இருக்கின்றன. படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. யாருக்காக அந்தப் படுக்கைகள்? அங்கே வேதம் பயின்ற மாணவர்க்கு, ஆசிரியர்க்கு, கோயிற் பணியாளர்க்கு. ஆற்றுமணலிலே கால் வெந்து உழைத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால்? கல் மௌனம் சாதிக்கிறது.

இங்கே நண்பர்கள் குறுக்கிட்டுப் பேசுவர். "அக்காலம் அப்படி! கிரேக்கத்திலே மட்டும் என்ன வாழ்ந்தது? ஏதென்சிலும் சீட்டுக் குலுக்கினர். அங்கேயும் அடிமைக்கு உரிமையில்லை, பெண்ணுக்கு உரிமையில்லை. சுவிட்சர்லாந்திலேயே 1971இல் தானே பெண்கள் தேசிய வாக்குரிமை பெற்றனர்!"

உண்மை. மறுக்கவில்லை. 919இல் வாழ்ந்தவர் 1919இல் பிறந்த கருத்தை ஏன் கொண்டிருக்கவில்லை என்று வழக்காடுவது அறிவாகாது. ஆனால் ஏதென்சைப் போற்றும் நாட்டார், அதன் அடிமைமுறையையும் அதே பாடத்திலே பிள்ளைகட்குச் சொல்கின்றனர். நம்மவரோ குடத்தைக் காட்டுகின்றனர். குடத்துக்குக் காவல் நின்ற தகுதிகளைக் கைகொண்டு மறைக்கின்றனர். நம் சண்டை பத்தாம் நூற்றாண்டோடு அன்று. பத்தாம் நூற்றாண்டைப் பாதியாக வெட்டிப் படிக்கும் இருபத்தொன்றாம் நூற்றாண்டோடு!

"வேளாளர் ஊர்களிலே ஊரார் அவை இருந்ததே" என்பர் வேறு சிலர். இருந்தது. அங்கும் அமர்ந்தவர் நிலமுடையோர். நிலமற்றவன் வாயிலுக்கு வெளியேதான். சாதி ஒரு வாயிலை மூடிற்று. உடைமை மறுவாயிலை மூடிற்று. இரண்டு பூட்டையும் ஒருங்கே காண்பதுதான் பகுத்தறிவு.

இந்தக் கிராமப் பெருமையின் பொருள் யாது என்பதைப் பிரகாசம் பேசிய அதே மாதத்தில், 1948 நவம்பர் 4 அன்று, அதே அவையிலே அண்ணல் அம்பேத்கர் தெளிவாக்கினார். கிராமம் குறுகிய மனத்தின், அறியாமையின், சாதிப் பூசலின் உறைவிடம் என்று அவர் சொன்னபோது பலர் முகஞ்சுளித்தனர். சுளித்தவர்கள் ஊரைப் பார்த்தவர்கள். சொன்னவர் ஊரிலே வாழ்ந்து, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளை.

அப்படியாயின், இன்று புல்லுக்கட்டுச் சுமக்கும் மூதாட்டிக்கு வாக்கு எங்கிருந்து வந்தது? கல்வெட்டிலிருந்து வந்ததா? வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலிருந்து நடந்து வந்ததா? இல்லை, தோழர்களே! 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண் என்பதற்காக வாக்கை மறுக்கும் தடையை நீக்கிற்று. 1925 நவம்பரில், உத்திரமேரூருக்குப் பக்கத்திலேயே, காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டபோது பெரியார் வெளியேறினார். குடத்திலே எல்லோர் பெயரும் இருக்கட்டும் என்பதே அங்கே கேட்கப்பட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அன்று உத்திரமேரூர் இருந்ததும் அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்திலேதான். முதற் பொதுத்தேர்தல் முடிந்த 1952இல்தான், நிலம் கேளாமல், வேதம் கேளாமல், வாக்குச்சீட்டு ஏழையின் கைக்கு வந்தது. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கின. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. குடத்தின் வாயை அகலமாக்கியது போராட்டம், பழம்பெருமை அன்று!

அகலமான வாயை மீண்டும் அடைக்க முயன்றோர் இல்லையா? மதுரை மாவட்டத்து மேலவளவிலே, ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு நின்று வென்ற முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். குற்றம் என்ன? குடத்திலே தம் பெயரை இட்டது! பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில், ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலி 1996 முதல் பத்தாண்டு காலம் நிலைக்க விடப்படவில்லை. 2006இல்தான் தேர்தல் முறையாக நடந்தேறியது. அது பழங்கதை என்பீரோ? 2022 ஆகஸ்டிலே, சுதந்திர தினத்தன்று பட்டியல் சமூக ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதைச் சாதி காட்டி எவரும் தடுக்கக்கூடாது என்று, தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்ததே! சட்டம் தகுதிப் பட்டியலைக் கிழித்தது. ஊரின் மனத்திலே அந்தப் பட்டியல் இன்னமும் கல்வெட்டாகவே இருக்கிறது. தொல்பொருள் துறை பாதுகாக்காமலேயே அது பத்திரமாக இருக்கிறது!

இன்னொரு வேடிக்கையும் காணுங்கள். பழைய விதிகளிலே கைக்கொள்ளத் தக்கவை சில இருந்தனவே, அவற்றைப் பெருமை பேசுவோர் கைக்கொண்டனரா? கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது என்றது கல். அவன் உறவினனும் வரக்கூடாது என்றது கல். இன்று மனைவி தலைவராக வென்றால், கணவன் நாற்காலியிலே அமர்ந்து கையெழுத்துக்கு மட்டும் அவரை அழைக்கும் ஊர்கள் உண்டு. ஏரிக்கு வாரியம் வைத்தது கல். இன்று வாய்க்கால் தூர்ந்திருக்கிறது. பாலாற்றின் மணல் லாரியேறிப் போயிற்று. நீர் இறங்கிக்கொண்டே போகிறது. தள்ள வேண்டிய சாதித் தகுதியைத் தம்மோடு வைத்துக்கொண்டனர். கொள்ள வேண்டிய கணக்கு நேர்மையைக் கல்லோடு விட்டுவிட்டனர்!

கல்லை உடைக்கவா சொல்கிறோம்? இல்லை! ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் காப்பாற்றுங்கள். வருவோர்க்கெல்லாம் காட்டுங்கள். ஆனால் முழுவதையும் படித்துக் காட்டுங்கள். குடவோலை பற்றிய பாடத்துக்குப் பக்கத்திலேயே, யார் யாருக்கு ஓலை இல்லை என்ற பாடமும் இருக்கட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

இளைஞர்களே! ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் செல்லுங்கள். மண்டபச் சுவரைப் பாருங்கள், திறமையைப் பாராட்டுங்கள். அதோடு வண்டி ஏறிவிடாதீர்கள். ஏரிக்கரைக்கு நடந்து செல்லுங்கள். கரையிலே உழைப்போருடன் அமர்ந்து பேசுங்கள். பிறகு உங்கள் ஊருக்குத் திரும்பி, கிராம சபை கூடும் நாளிலே முதல் ஆளாகச் சென்று நில்லுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022இல் மார்ச் 22உம் நவம்பர் 1உம் சேர்க்கப்பட்டன. மார்ச் 22 தண்ணீர் நாள். ஏரிக்கணக்கு கேட்க ஏற்ற நாள்! தலைவர் அமர நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். அவர் பெண்ணானால், அவரே பேசுகிறாரா என்று பாருங்கள். கடைசித் தெருவார் கூட்டத்தின் நடுவிலே அமர்ந்திருக்கின்றனரா, ஓரத்திலே நிற்கின்றனரா என்று பாருங்கள். ஓரத்திலே நின்றால், கைப்பிடித்து அழைத்து வந்து அமர வையுங்கள். தாழ்ந்தோருடன் பழகியவன் தகுதியற்றவன் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறித்தார்களே, அதற்கு நாம் தரும் மறுமொழி அதுதான்.

அந்த மூதாட்டி கேட்ட கேள்வி நம் காதிலே இன்னமும் ஒலிக்கிறது. "அதிலே எங்களைப் பத்தி ஏதாவது எழுதியிருக்குதா?"

இல்லை, அம்மா, அதிலே எழுதவில்லை. இனி எழுதப்படுவதிலே உங்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும். அதை இருக்கச் செய்வது எங்கள் வேலை.